கூலி என்று சொல்லக் கூடாத வீடு

கதிர்,

லாயர் ஆபீஸில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதிலேயே இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தச் செங்குத்தான மாடிப்படியை ஏறி, மூச்சு வாங்கி, ஏர்கானில் வேர்வை காய உட்கார்ந்திருந்தேன். அந்த வக்கீல் பெண் என் உயிலின் நகலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஆன்டி, உங்க மகனைத்தான் எக்ஸிகியூட்டரா போடுறீங்க. உங்களுக்கப்புறம் கோர்ட்டுக்கு, பேங்குக்கு, லேண்ட் ஆபீஸுக்கு எல்லாம் அவர்தான் அலையணும். அதுக்கு ஏதாவது சம்பளம் எழுதணுமா? எழுதலாம், தப்பில்ல." நீ நாற்காலியில் சாய்ந்துகொண்டு பெரிதாகச் சிரித்தாய். "எங்க அம்மா வேலைய செய்ய எனக்கு சம்பளமா? வேணாம்லா." அவளும் சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன். பிறகு உனக்குப் போன் வந்து நீ வெளியே போனாய். அந்த நேரத்தில் நான் அவளிடம், "எழுதும்மா" என்றேன். அவள் எழுதிவிட்டாள். நீ திரும்பி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுமே நடக்காததுபோல் வெளியே தெரிந்த மோனோரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதை உன்னிடம் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ மறுபடியும் சிரிப்பாய், நானும் மறுபடியும் சிரித்து வைப்பேன், பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும். அடுத்த மாதம் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறாய். பெட்டி கட்டுகிற அவசரத்தில் இருக்கிறவனிடம் அம்மா செத்த பிறகு செய்யவேண்டியதைப் பேசினால் நன்றாகவா இருக்கும்? அதனால் எழுதுகிறேன். போன வாரம் என் பேங்க் கணக்கைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இவ்ளோ பணம் எடுத்திருக்கீங்க, யாராச்சும் ஏமாத்திட்டாங்களா?" என்று பதறினாயே, அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. நாங்கள்தான் ஒருத்தியை ஏமாற்றி வைத்திருந்தோம், அதுவும் அன்பு என்று நினைத்துக்கொண்டு.

இப்போதெல்லாம் எனக்கு மத்தியானத்தில் தூக்கமும் விழிப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சாப்பிட்டுவிட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே படுத்தால், கிள்ளான் மழை தகரக் கூரையில் விழும் சத்தம் கேட்கிறது. நம் வீட்டுக்குத் தகரக் கூரையே கிடையாது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வருகிறது. அது காப்பார் வீட்டுக் கூரை. லாயர் ஆபீஸிலிருந்து உன்னை அனுப்பிவிட்டு கேஎல் சென்ட்ரலில் ரயிலேறி வந்தபோதும் அப்படித்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தேன், சுபாங் ஜெயாவில் கதவு திறந்து மூடியதுவரை நினைவிருக்கிறது. அதன் பிறகு பெட்டி முழுக்க எனக்குத் தெரிந்தவர்களாக இருந்தார்கள், எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். உன் அப்பா கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார், உன் மாமா வாசலோரம் சாய்ந்திருந்தார். எல்லாரும் ஏதோ ஒரு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், யாருக்கும் அவசரமில்லை. கண் விழித்தால் கிள்ளான் ஸ்டேஷன். ஒரு மலாய்க்காரப் பெண்பிள்ளை என் தோளைத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இல்லை கதிர், அதைச் சொல்லத்தான் சொல்கிறேன். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

காப்பார் வீடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ரம்புத்தான் மரத்தில் ஏறி எறும்புக்கடி வாங்கிக்கொண்டு அழுதாயே, அந்த வீடுதான். பலகைச் சுவர், முன்னால் சிமெண்டு தரை, பின்பக்கம் போனால் செம்பனைத் தோட்டத்துக்கு மேலே மின்சார நிலையத்தின் புகைபோக்கி தெரியும். சின்ன வயதில் நானும் உன் சின்னம்மா புஷ்பாவும் அந்தப் புகைதான் மேகமாகி மழை பெய்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். உன் தாத்தா ரோடு போடுகிற வேலையில் இருந்தவர். தார் சட்டியும் வெயிலுமாக உழைத்து அந்தத் துண்டு நிலத்தை வாங்கினார். கோபமே வராத மனிதர். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் வரும். கூலி. அந்தச் சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்லக்கூடாது. கடையிலிருந்து அரிசி தூக்கி வந்தவருக்குக் காசு கொடுக்கும்போதுகூட 'கைக்காசு' என்றுதான் சொல்லவேண்டும். அவருடைய அப்பாவை எஸ்டேட்டில் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லையாம். எல்லா வெள்ளைக்காரனுக்கும் எல்லாக் கங்காணிக்கும் அவர் வெறும் கூலிதான். "எங்கப்பன் பேரே அவனுங்களுக்குத் தெரியாது" என்பார் தாத்தா. அதனால் நம் வீட்டில் யாரும் யாருக்கும் கூலி கொடுக்கமாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். யார் எதைச் செய்தாலும் அது உறவுக்குச் செய்வது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பார். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது.

தாத்தா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அப்போது நீ ஆரம்பப்பள்ளியில் இருந்தாய். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டதால் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர்தான். காப்பார் வீட்டிலேயே குடும்பத்தோடு இருந்த உன் மாமா, கிள்ளானில் நான், பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணம் கட்டாமல் தனியாக இருந்த புஷ்பா. உயில் இல்லாத சின்னச் சொத்து என்றால் கோர்ட்டுக்குப் போகவேண்டியதில்லை, லேண்ட் ஆபீஸிலேயே விசாரணை வைத்துப் பெயர் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஃபாரம் எழுதிக் கொடுத்து, எல்லா வாரிசும் ஒரு நாள் நேரில் போய்ச் சம்மதம் சொன்னால் போதும், சுலபம் என்றார்கள். சுலபம்தான், அலைவது நீயாக இல்லாத வரைக்கும். உன் மாமா லோரி ஓட்டிக்கொண்டிருந்தார், ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். எனக்கு நீயும் உன் அக்காவும் சின்னப் பிள்ளைகள். "புஷ்பா இருக்காளே, ஆபீஸ்ல வேல செய்றவ, அவளுக்கு இதெல்லாம் தெரியும்" என்றோம். ஒரு கணக்காளர் ஆபீஸில் கிளார்க்காக இருந்தாள், அவ்வளவுதான். அவளுக்கும் இதெல்லாம் தெரியாது. போய்ப்போய்த்தான் தெரிந்துகொண்டாள்.

தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் இருந்தது, பாட்டியுடையது காணோம். அதற்கு நகல் எடுக்க ஒரு பக்கம் அலைந்தாள். நிலத்தின் கிராண்ட் பத்திரம் எங்கேயோ இருந்தது, தேடி எடுத்தால் கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. அதற்கு ஒரு பக்கம். கட்டாத நிலவரி, எங்கள் மூன்று பேருடைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், எல்லாவற்றுக்கும் முத்திரை. அவள் லீவு போட்டுவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி கிள்ளானுக்கு வருவாள், நம்பர் எடுத்துக்கொண்டு உட்காருவாள், அவள் முறை வரும்போது ஒரு தாள் குறைகிறது என்பார்கள். சாயந்தரம் நம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, "இன்னிக்கும் முடியலக்கா" என்பாள். நான் தோசை ஊற்றிக் கொடுப்பேன். அந்தத் தோசையிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். விசாரணைக்கு நாள் குறித்த பிறகு உன் மாமாவுக்கு குவாந்தானுக்கு லோடு வந்துவிட்டது. வாரிசு ஒருத்தர் வரமாட்டார் என்று தெரிந்ததும், அந்த நாள் வரும் முன்பே தள்ளி வைத்துவிட்டார்கள். அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய சிநேகிதி ஒருத்தி பிரிக்ஃபீல்ட்ஸில் ரவிக்கை தைக்கும் கடை போட இடம் பார்த்திருந்தாள். புஷ்பா தைத்தால் ரவிக்கை உடம்போடு பிறந்தமாதிரி உட்காரும், என் கல்யாண ரவிக்கையே அவள் தைத்ததுதான். இரண்டு பேரும் பங்குக்குக் கடை போடுவதாகப் பேச்சு. "அப்பா வேல முடியட்டும்" என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சிநேகிதியும் பொறுத்துத்தான் பார்த்தாள். பிறகு வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டாள். அந்தக் கடை இன்றைக்கும் இருக்கிறது, தீபாவளி நேரத்தில் உள்ளே நிற்க இடமிருக்காது. புஷ்பா தினமும் அதைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போகிறாள்.

விசாரணை நாளை நான் மறக்கமாட்டேன். மேசைக்கு அந்தப்பக்கம் நடுவயதுள்ள மலாய்க்கார அதிகாரி அம்மா, புவான் என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் வழக்கப்படி பெண்கள் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுப்பதாகப் பேசியிருந்தோம். அவர் அந்த வீட்டில் இருக்கிறார், பிள்ளைகளை வைத்திருக்கிறார், தங்கச்சிகள் பங்கு கேட்டால் ஊர் என்ன சொல்லும்? புவான் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து, "செதுஜு?" என்று கேட்டார். சம்மதம் என்று நாங்களும் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னோம். எல்லாம் எழுதி முடித்துவிட்டு அவர் பேனாவை மூடினார். பிறகு, ஆபீஸ் பேச்சாக இல்லாமல் சாதாரணமாக, மலாயில் சொன்னார். இந்தப் பெண்தான் இத்தனை நாளும் வந்துபோனாள், உங்களில் மற்ற இரண்டு பேரையும் நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன், உங்களுக்குள் பேசி அவளுக்கு ஏதாவது கொடுங்கள், அதில் தப்பில்லை என்றார்.

உன் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது எங்க தங்கச்சி, புவான். கூலி இல்ல" என்றார். கூலி என்பதைத் தமிழிலேயே சொன்னார். மலாயிலும் அதுவேதான் என்பதால் அந்த அம்மாவுக்கும் புரிந்தது. எனக்கு அண்ணன்மேல் அப்படியொரு பெருமை. அப்பாவே பேசியதுபோல் இருந்தது. நான் புஷ்பாவைப் பார்த்தேன். அவள் மேசைமேலிருந்த ரப்பர் முத்திரையைப் பார்த்துக்கொண்டு, "வேணாம் புவான்" என்றாள். அந்த அம்மா எங்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார்.

அண்ணன் எங்களை வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். பங்கை விட்டுக்கொடுத்த தங்கச்சிகளுக்கு முறைப்படி தட்டில் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு சேலை. நான்தான் கடையில் போய் எடுத்து வந்திருந்தேன். ஒரே தறி, ஒரே விலை, நிறம் மட்டும் வேறு. புஷ்பா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தச் சேலைக்கு ஒரு குறையும் இல்லை, எத்தனையோ தீபாவளிக்கு அவள் கட்டினாள். ஆனால் யோசித்துப் பார், எனக்கும் அதே சேலை. நான் செய்ததெல்லாம் ஒரு நாள் காலையில் காரில் போய் உட்கார்ந்து தலையாட்டியதுதான். பிறந்ததற்கு வருவது பங்கு, அலைந்ததற்கு வருவது சம்பளம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரே சேலையால் மூடிவிட்டோம். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டோம்.

அதோடு அவளை விட்டிருந்தாலும் பரவாயில்லை. சம்பளம் வாங்காமல் செய்தவளுக்கு வேலை எப்படி முடியும்? வேலைக்காரி என்றால் வேலை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அவள் எங்கள் அன்புக்காரி, அதனால் அனுப்பவே இல்லை. பெயர் மாற்றிய பிறகும் காப்பார் வீட்டு வரி ரசீதில் குழப்பம் என்றால் அவள். பக்கத்து நிலத்துக்காரன் எல்லைக்கல்லை நகர்த்திவிட்டான் என்றால் அவள். உன் அப்பா போனபோது எனக்கு நின்ற இடம் தெரியவில்லை. காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவள் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து, "அக்கா, அத்தானோட ஐசி எங்க?" என்று உன் அப்பாவின் அடையாள அட்டையைக் கேட்டாள். பிறகு உன் மாமா போனபோதும் அவள்தான். நம் குடும்பத்தில் யார் போனாலும் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து அழுவோம், அவள் மட்டும் எழுந்து பேப்பர் தேடுவாள். தாத்தாவுக்காக அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு நெஞ்சு கெட்டி என்று நானே பலபேரிடம் சொல்லியிருக்கிறேன், கதிர். நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன தீபாவளிக்கு நம் வீட்டில் முறுக்குப் பிழிந்தோமே, நீ ஹாலில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் உன் அக்காவும் அவளும் அடுப்படியில். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே புஷ்பா சொன்னாள், "அக்கா, எனக்கு ஒரு கனவு வரும். ரொம்ப நாளா வருது." லேண்ட் ஆபீஸ் ஹாலாம். மழை பெய்கிற சத்தம் கேட்குமாம், ஆனால் ஜன்னலில் நல்ல வெயிலாம். நாற்காலி நாற்காலியாக நம் ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்களாம். உன் அப்பா, மாமா, பாட்டி, பெயர் தெரியாத பழைய காலத்து ஆட்கள், எல்லார் கையிலும் நம்பர் சீட்டு. நம்பர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தராக எழுந்து உள்ளே போகிறார்கள். இவள் நம்பரை மட்டும் கூப்பிடுவதில்லை. போய்க் கேட்டால் கவுண்டரில் இருக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டே "துங்கு, துங்கு" என்கிறதாம். கொஞ்சம் பொறுங்கள், கொஞ்சம் பொறுங்கள். இவளும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வாளாம். "பயமாலாம் இல்லக்கா. சும்மா உக்காந்திருப்பேன். முழிச்சா கால் வலிக்கும்" என்றாள். உன் அக்கா, "கனவுலயும் கியூவா சின்னம்மா!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நம் வீட்டில் எதற்கும் சிரித்துவிடுகிறோம்.

அதனால்தான் லாயர் ஆபீஸில் நீ சிரித்தபோது எனக்கு லேண்ட் ஆபீஸ் நினைவுக்கு வந்தது. அதே மேசை, அதே கேள்வி, அதே 'வேணாம்'. அன்றைக்கு ரயிலில் அவர்களையெல்லாம் பார்த்தேன் என்றேனே, அந்தப் பெட்டியில் புஷ்பா இல்லை. உயிரோடு இருக்கிறவள் ஏன் இருக்கப்போகிறாள் என்று பிறகுதான் தோன்றியது. ஆனால் அந்த நேரத்தில் நான் அவளைத்தான் தேடினேன். இவர்கள் எல்லாரையும் ரயிலேற்றி விட்டுவிட்டு அவள் எங்கேயோ வரிசையில் நின்றுகொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

மறுநாளே பேங்குக்குப் போய்ப் பணம் எடுத்தேன். எவ்வளவு என்று நீ பார்த்துவிட்டாய். தட்டு, வெற்றிலை, பூ எதுவும் வாங்கவில்லை. தட்டில் வைத்தால் அது சீராகிவிடும், அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்துவிடுவாள். பேங்க் கொடுத்த கவரிலேயே வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் ஃப்ளாட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கவரை மேசைமேல் வைத்தேன்.

"என்னக்கா இது?"

"சம்பளம்."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான். காப்பார் வீட்டு வேலைக்கு."

அவள் கவரைத் தொடவில்லை. கையிலிருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இப்ப எதுக்குக்கா இது? இத்தன வருஷம் கழிச்சு? நான் என்ன கூலியா?" அப்பாவின் குரல், அப்படியே அப்பாவின் குரல். எனக்கும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ஆமா, கூலிதான்" என்றேன். "நம்ம தாத்தாவும் கூலி, அப்பாவும் கூலி. வேல செஞ்சாங்க, காசு வாங்குனாங்க, வீட்டுக்கு வந்து படுத்தாங்க. ஒன்ன மட்டும்தான் நாங்க வீட்டுக்கே அனுப்பல." ஜன்னலுக்குக் கீழே ஒரு ரயில் போனது.

பிறகு அவள் கவரைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். "பத்தாது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பாவுக்கு மட்டும்தான் இது கணக்கு. ஒன் வீட்டுக்காரருக்கு? அண்ணனுக்கு?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். சத்தமாக, சின்னப் பிள்ளையில் அந்தப் புகைபோக்கியைப் பார்த்துச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றேன். "கொஞ்சம் கொஞ்சமாலாம் வேணாம், அப்புறம் திரும்பவும் நான் ஒன் பின்னால அலையணும். இதோட ஃபுல் செட்டில்மெண்ட்" என்றாள். ஆபீஸில் வேலை பார்த்த பழக்கம், ஒரு தாள் எடுத்து 'பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தாள். எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நான் கிளம்பும்போது, "பாத்துப் போக்கா, ரயில்ல தூங்கிராத" என்றாள்.

அதற்கு மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். எடுத்தால் புஷ்பா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, என் நம்பரக் கூப்பிட்டாங்க."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "உள்ள போனேன்க்கா. அந்தப் புவான் இல்ல. அப்பாதான் மேசையில உக்காந்திருந்தாரு. தாரு ஒட்டுன அந்தச் சட்டையிலேயே. 'முடிஞ்சிருச்சாம்மா?'ன்னு கேட்டாரு. முடிஞ்சிருச்சுப்பான்னேன்." அழுதாள், கதிர். எங்கள் அப்பா செத்து இத்தனை வருஷம் கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மத்தியான வேளையில், அவருடைய சின்ன மகள் அவருக்காக முதல் தடவையாக அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று இருந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிள்ளான் வீடு உனக்கும் உன் அக்காவுக்கும் சரிபாதி. அவள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம், நீ அவளுக்குச் சேலை எடுக்கவும் வேண்டாம். அதுபோக, வேலையைச் செய்கிறவன் நீ என்பதால் உனக்குச் சம்பளம் என்று தனியாக எழுதியிருக்கிறேன். உன் அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பிக்குக் குடுங்கம்மா, அது சரிதான்" என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் புரிந்தது. அதனால்தான் நான் இருக்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும் என்கிறேன். நான் போன பிறகு பேசினால் அது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உனக்கு விருப்பமிருந்தால் அந்தப் பணத்தில் ஒரு ஆளை வைத்து வேலையை முடி. இல்லை, லீவு போட்டுவிட்டு சிங்கப்பூரிலிருந்து நீயே வந்து அலை, உன் இஷ்டம். ஆனால் வாங்கமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே. அப்படித்தான் சொல்வாய் என்றால் இப்போதே சொல்லிவிடு, உன் பெயரை எடுத்துவிட்டு அந்த வக்கீல் பெண்ணையே போட்டுவிடுகிறேன். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளும், கெட்டிக்காரப் பெண். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டதும் உன் அக்காவுக்குப் போன் போட்டு, 'முடிந்துவிட்டது' என்று ஒரு வார்த்தை சொல். அதற்கப்புறம் யாராவது ஏதாவது ரசீதோடு வந்தால், "எக்ஸிகியூட்டர் வேலைய விட்டுட்டாரு" என்று சொல்லி அனுப்பிவிடு.

பிறகு உன் ஃப்ளாட்டுக்குப் போ. போனை அணைத்து வை. ஃபைலை அலமாரிக்குள் போட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, எனக்காகக் கொஞ்ச நேரம் அழு. அதற்கு மட்டும் சம்பளம் எழுதவில்லை.

அம்மா